தீய்ந்த தொப்பியும் ஓட்டை விழுந்த கைக்குட்டையும்



போன மாதம் என் பேத்தி பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மேஜிக் செய்தாள். வயது பதினொன்று. இரண்டு மாதமாக வீட்டில் சீட்டுக்கட்டும் கையுமாகத்தான் இருந்தாள். என் மேல், அவள் அம்மா மேல், வீட்டுக்குக் காய்கறி கொண்டுவரும் அம்மா மேல் எல்லாம் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. நன்றாகவே செய்தாள். மேடையில் ஏறியதும் கை நடுங்கி, கட்டு முழுவதும் கீழே கொட்டிவிட்டது. முன்வரிசையில் யாரோ ஒரு பையன் சிரித்தான். அவ்வளவுதான். மீதி வித்தையை ஓடிப்போய் முடித்துவிட்டு இறங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து சீட்டுக்கட்டு டப்பாவை அலமாரி உச்சியில் தூக்கிப் போட்டுவிட்டு, "இனிமே இது வேணாம் தாத்தா" என்றாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு தேதிகள் மாறி மாறி நினைவுக்கு வந்தன. ஒன்று 1964. மற்றொன்று 1845 ஜூலை 3. முதலாவது என்னுடையது. இரண்டாவது, மேஜிக் உலகம் முழுவதும் குருவாகக் கும்பிடும் ஒரு பிரெஞ்சுக்காரருடையது. இரண்டையும் சேர்த்து இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கதை முதலில். நான் பிறந்தது 1950-ல், புதுச்சேரி பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தபோது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கை மாறியபோது எனக்கு நான்கு வயது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி மாற்றம் முடிந்தபோது பன்னிரண்டு. ஆனால் என் படிப்பு பிரெஞ்சிலேயே தொடர்ந்தது. வீட்டில் தமிழ், வகுப்பில் பிரெஞ்சு, தெருவில் இரண்டும் கலந்தது. இந்த ஊரில் என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த நாளில் பெரிய மார்க்கெட் பக்கம் மோடி மஸ்தான் வருவான். கீரியையும் பாம்பையும் சண்டைக்கு விடுகிறேன் என்று சொல்லிச் சொல்லியே ஒரு மணி நேரம் ஓட்டி, கடைசியில் தாயத்து விற்றுவிட்டுப் போய்விடுவான். சண்டை நடந்து நான் பார்த்ததே இல்லை. ஆனால் இடையில் அவன் செய்கிற கிண்ணம், பந்து வித்தை இருக்கிறதே, அதை வாய் பிளந்து பார்ப்பேன். அந்தப் பைத்தியம்தான் என்னை 1964-ல் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழா மேடையில் ஏற்றியது.

நான் செய்ய எடுத்துக்கொண்டது கைக்குட்டையை எரித்துத் திரும்ப முழுசாக்கும் வித்தை. பழைய வித்தைதான். கூட்டத்தில் ஒருவரிடம் கைக்குட்டை இரவல் வாங்க வேண்டும். உள்ளங்கையில் முன்கூட்டியே ஒரு சின்னத் துணித் துண்டை ஒளித்து வைத்திருக்க வேண்டும். கைக்குட்டையின் நடுப்பகுதியை முஷ்டிக்குள்ளிருந்து மேலே இழுப்பதுபோல் அந்தத் துண்டை மட்டும் இழுத்துக் காட்டிக் கொளுத்த வேண்டும். பிறகு கையை மூடி, அணைத்து, விரித்தால் இரவல் கைக்குட்டை பத்திரமாக இருக்கும்.

வீட்டு மாடியில் தனியாக நூறு தடவை செய்து பார்த்திருப்பேன். நூறு தடவையும் சரியாக வந்தது. பேச வேண்டியதை பிரெஞ்சில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். மேடையில் ஏறியதும், மனப்பாடம் செய்த பத்து வாக்கியமும் ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது. நிறுத்தம் இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. எங்கள் பிரெஞ்சு ஆசிரியர், நாங்கள் முசியே என்று மட்டுமே கூப்பிடுவோம், அவர் தன் வெள்ளைக் கைக்குட்டையைக் கொடுத்தார். என் உள்ளங்கை வியர்த்து ஊறியிருந்தது. ஒளித்து வைத்த துணி விரலோடு ஒட்டிக்கொண்டு கீழே போய்விட்டது. நான் மேலே இழுத்தது உண்மையான கைக்குட்டையை. அது தெரியாமலே நெருப்பு வைத்தேன்.

விரித்துப் பார்த்தபோது நடுவில் எட்டணாக் காசு அளவுக்கு ஓட்டை. முழுசாகத் திறக்காமல், அப்படியே மடக்கிக்கொண்டு நின்றேன். முசியே மேடைக்கு வந்தார். என் கையிலிருந்து வாங்கினார். ஓரமாக ஒரு பார்வை பார்த்தார். நிதானமாக நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து "பர்ஃபே!" என்று சொல்லிக் கைதட்டினார். அவர் தட்டியதும் எல்லோரும் தட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

அடுத்த திங்கட்கிழமை முசியே என்னிடம் ஒரு பழைய புத்தகத்தைக் கொடுத்தார். கைக்குட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. புத்தகத்தின் நடுவில் அடையாளத்துக்கு ஒரு காகிதத் துண்டு வைத்திருந்தார். அந்தப் புத்தகம்தான் 'கோன்ஃபிதான்ஸ் தன் ப்ரெஸ்திதிஜித்தாத்தேர்'. ஒரு கைவித்தைக்காரனின் அந்தரங்கக் கதை என்று சொல்லலாம். 1858-ல் வந்த சுயசரிதை. எழுதியவர் ழான் யூழேன் ரொபேர்-ஊதேன்.

இவர் பிறந்தது 1805 டிசம்பரில், லுவார் நதிக்கரையில் உள்ள ப்ளுவா என்ற ஊரில். அப்பா கடிகாரம் செய்பவர். பையனுக்கும் அந்த வேலை மேல்தான் ஆசை. அப்பாவுக்கோ பையன் வக்கீலாக வேண்டும். பதினொரு வயதில் ஓர்லேயான் நகரத்துக்குப் படிக்க அனுப்பினார். படித்து முடித்து வந்ததும் கையெழுத்து அழகாக இருந்ததால் பத்திரங்களை நகல் எடுக்கும் குமாஸ்தா வேலை கிடைத்தது. இந்த இடத்தைப் படித்தபோது அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பின்னால் நானே முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளை நகல் எடுத்தவன் என்பதால், இப்போது படிக்கும்போது சிரிப்பு வருகிறது. அவர் நகல் எடுத்ததைவிட, எஜமான் வீட்டுப் பறவைக் கூண்டுக்குள் சின்னச் சின்ன இயந்திரங்கள் செய்து வைத்து விளையாடியதுதான் அதிகம். எஜமான் நல்ல மனிதர். பையனைக் கடிகார வேலைக்கே விடுங்கள் என்று அப்பாவிடம் திருப்பி அனுப்பிவிட்டார். அப்பா தொழிலிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதால் உறவுக்காரர் ஒருவரின் கடையில் பயிற்சி.

பிறகு நடந்தது ஒரு தவறு. கடிகாரக் கலை பற்றி பெர்த்தூ என்பவர் எழுதிய பெரிய நூல் ஒன்று உண்டு. காசு சேர்த்து அதை வாங்கப் போனார். புத்தகக் கடைக்காரர் அவசரத்தில் வேறு இரண்டு தொகுதிகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார். வீட்டில் வந்து பிரித்தால், சீட்டு வித்தை, பந்து வித்தை, தலையை வெட்டி ஒட்டும் வித்தை என்று எல்லாம் அதில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. கடைக்காரர் பொட்டலத்தை மாற்றிக் கட்டியதால் மேஜிக் உலகின் சரித்திரமே மாறியது.

ஆனால் புத்தகத்தில் வித்தையின் ரகசியம்தான் இருந்தது. கையை எப்படிப் பழக்குவது என்று இல்லை. அதற்காக ஊரில் இருந்த ஒருவரிடம் பத்து பிராங்க் கொடுத்து, பந்துகளை மேலே எறிந்து பிடிக்கும் பாடம் கற்றார். ஒரு மாதத்தில் நான்கு பந்துகளை ஒரே சமயத்தில் சுழற்றப் பழகிவிட்டார். அதோடு விடவில்லை. எதிரே ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பந்துகள் மேலே பறந்துகொண்டிருக்கும்போதே தடங்கல் இல்லாமல் வாசிக்கவும் பழகினார். கண் ஒரு வேலை, கை ஒரு வேலை. தெருவில் நடக்கும்போதுகூடக் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு, உள்ளே நாணயத்தையோ சீட்டையோ விரல்களால் புரட்டிக்கொண்டே போவாராம். இவ்வளவு உழைப்பையும் மனதில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு படியுங்கள்.

முசியே காகிதம் வைத்திருந்த பக்கம் ஒரு தொப்பியைப் பற்றியது. தொர்ரினி என்ற வயதான வித்தைக்காரரிடம் தான் சிஷ்யனாக இருந்ததாகவும், அவர் விபத்தில் அடிபட்டுக் கிடந்தபோது பணம் திரட்டுவதற்காக ஒபுய்ஸோன் என்ற ஊரில் தானே மேடை ஏறியதாகவும் எழுதுகிறார். அதுதான் முதல் நிகழ்ச்சி. இரவல் வாங்கிய தொப்பிக்குள் முட்டை உடைத்து ஊற்றி, மெழுகுவர்த்திச் சுடர் மேல் காட்டி ஆம்லெட் செய்யும் வித்தை. பேச்சு சுவாரஸ்யத்தில் தொப்பியைச் சுடருக்கு நெருக்கமாகப் பிடித்துவிட்டார். தொப்பி தீய்ந்துவிட்டது. உதவியாளர் சமயோசிதமாக வேறு தொப்பி கொண்டுவந்து தந்தார். சொந்தக்காரர் உண்மை தெரிந்தும் வாய் திறக்காமல் பெருந்தன்மையாக மானத்தைக் காப்பாற்றினார் என்கிறார்.

பதினான்கு வயதில் அந்தப் பக்கத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. முசியே என்னிடம் பேசாததை எல்லாம் அந்தக் காகிதத் துண்டு பேசியது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தொர்ரினி என்று ஒருவர் இருந்ததே இல்லை, அது பெரும்பாலும் கற்பனை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். வித்தைக்காரன் எழுதிய சுயசரிதையில் கொஞ்சம் வித்தை இல்லாமல் இருக்குமா! அதனால் தொப்பி உண்மையில் தீய்ந்ததோ இல்லையோ, நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் புகழின் உச்சியில் இருந்த ஒருவர், தன் முதல் மேடையை எழுத உட்கார்ந்தபோது வெற்றிக் கதையை எழுதாமல் சொதப்பிய கதையை எழுதினார் பாருங்கள், அது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அடுத்தது, பாரிஸ். 1830-ல் ஊதேன் என்ற கடிகாரக்காரரின் மகளைத் திருமணம் செய்துகொண்டு, மாமனார் பெயரையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். ரொபேர் என்பவர் ரொபேர்-ஊதேன் ஆனது அப்படித்தான். பல வருஷம் கடிகாரமும் இயந்திரப் பொம்மைகளும் செய்து பிழைத்தார். எழுதவும் படம் வரையவும் தெரிந்த ஒரு பொம்மையை 1844 கண்காட்சியில் வைத்தார். லூயி பிலிப் மன்னரே வந்து பார்த்தார். முதல் மனைவி 1843-ல் இறந்துபோனார். குழந்தைகளோடு தனியாக நின்ற காலமும் உண்டு.

சொந்த அரங்கத்துக்குப் பணம் கிடைத்ததும் ஒரு கதை. எஸ்கலோப்பியே என்ற பிரபு வீட்டில் பணம் திருடு போய்க்கொண்டே இருந்தது. மேசையைத் திறப்பவன் கையில் அடையாளம் பதிக்கிற ஒரு பொறியை ரொபேர்-ஊதேன் செய்துகொடுத்தார். திருடன் மாட்டினான். மீட்ட பணம் 15,000 பிராங்க். பிரபு அதை இவருக்கே கடனாகக் கொடுத்து, அரங்கம் கட்டிக்கொள் என்றார். பலே ருவாயால் வளாகத்தில் இருநூறு பேர் உட்காரும் சின்ன அரங்கம் தயாரானது. மற்ற வித்தைக்காரர்கள் சிலர் நீள அங்கியும் கூம்புத் தொப்பியும் போட்டுக்கொண்டு, தரை வரை துணி தொங்கும் மேசைகளுக்குப் பின்னால் நின்ற காலம் அது. இவர் மேடையைப் பெரிய மனிதர் வீட்டுக் கூடம்போல அமைத்தார். விருந்துக்குப் போகிறவர்போல மாலை உடை அணிந்தார். மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

1845 ஜூலை 3. முதல் இரவு. ரொபேர்-ஊதேனுக்கு முப்பத்தொன்பது வயது. இருபது வருஷ உழைப்பு. நான்கு பந்தைச் சுழற்றிக்கொண்டே புத்தகம் படித்தவர். இயந்திரம் எதுவும் ஏமாற்றாதபடி ஒவ்வொன்றையும் ஒத்திகை பார்த்திருந்தார். ஆனால் என்ன ஆனது தெரியுமா? படபடவென்று பேசினார். ஒரே குரலில், ஏற்ற இறக்கமில்லாமல் பேசினார். என்ன சொல்கிறோம், என்ன செய்கிறோம் என்று தனக்கே தெரியவில்லை, எல்லாம் கனவுபோல மங்கலாக இருந்தது என்கிறார். நிகழ்ச்சி ஒருவழியாக முடிந்தது. அவர் மனம் உடைந்துவிட்டது. உடம்புக்கும் முடியவில்லை. அரங்கத்தை மூடிவிட்டார். ஒரேயடியாக விட்டுவிடுவது என்று முடிவும் செய்துவிட்டார்.

நான் இதைப் படித்தபோது என் வியர்த்த உள்ளங்கை நினைவுக்கு வந்தது. மாடியில் நூறு தடவை செய்தேனே, ஏன் மேடையில் வரவில்லை? பதில் எளிது. நூறு தடவையும் எதிரே ஆள் இல்லை. கைக்குப் பயிற்சி இருந்தது, வாய்க்கு இல்லை. வாய் ஓடினால் கையும் ஓடும். அவருக்கும் அதேதான் நடந்தது. இயந்திரத்தை ஒத்திகை பார்க்கலாம், ஆனால் இருநூறு ஜோடிக் கண்களை ஒத்திகை பார்க்க முடியாது. அதற்கு அந்த முதல் இரவைக் கடந்துதான் ஆக வேண்டும், குறுக்கு வழி கிடையாது. பின்னால் அவர் எழுதிய நூல்களில், வித்தைக்காரன் என்பவன் மந்திரவாதி வேஷம் கட்டிய நடிகன் என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். கையைவிட நடிப்பு முக்கியம் என்பது அவருக்கு எங்கே உறைத்திருக்கும்? அந்த ஜூலை இரவில்தான் என்பது என் அனுமானம்.

இனி வருவதுதான் முக்கியம். அரங்கத்தை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க ஒரு நண்பர் வந்தார். விட்டுவிடப் போகிறேன் என்று இவர் சொன்னதும், அவர் ஆறுதல் சொல்லவில்லை. நல்ல முடிவு, ஆரம்பத்திலிருந்தே இது அசட்டுத்தனமான யோசனை என்றுதான் எனக்கும் பட்டது என்கிற மாதிரி ஆமோதித்துவிட்டார். ரொபேர்-ஊதேனுக்கு சுருக்கென்று தைத்தது. நானே என்னைச் சொல்லிக்கொள்ளலாம், நீ யார் சொல்ல? அந்தக் கோபத்திலேயே எழுந்தார். மறுபடி அரங்கத்தைத் திறந்தார். இந்தத் தடவை மெதுவாகப் பேசினார். நாளாக நாளாகக் குரலில் தைரியம் வந்தது.

அடுத்த வருஷம் 1846 பிப்ரவரி 12-ல் மகன் எமிலின் கண்ணைக் கட்டி மேடையில் உட்காரவைத்து, கூட்டத்தார் நீட்டும் பொருள்களை எல்லாம் பார்க்காமலே சொல்லவைக்கும் வித்தையைத் தொடங்கினார். பாரிஸ் நகரமே திரண்டு வந்தது. அதே 1846-ல் செங்க்லூ அரண்மனையில் மன்னர் லூயி பிலிப் முன்னால் நிகழ்ச்சி. அங்கே என்ன செய்தார் தெரியுமா? பார்வையாளர்களிடம் கைக்குட்டைகளை இரவல் வாங்கி மறைத்தார். எங்கே போய்ச் சேர வேண்டும் என்று மன்னரையே தேர்ந்தெடுக்கச் சொன்னார். மன்னர் சொன்ன ஆரஞ்சு மரத்தின் அடியில் தோண்டிப் பார்த்தால், துருப்பிடித்த இரும்புப் பெட்டிக்குள் கைக்குட்டைகள் இருந்தன. இரவல் தொப்பியைத் தீய்த்ததாகச் சொன்னவர், இரவல் கைக்குட்டைகளை வைத்து மன்னரையே அசரவைத்தார். கைக்குட்டை எரித்த எனக்கு அந்த அத்தியாயம் எப்படி இனித்திருக்கும் என்று பாருங்கள்.

1847-ல், அப்போது புதிதாக வந்திருந்த ஈதர் மயக்க மருந்தைப் பற்றிப் பேசி, தன் சின்னப் பையனை ஒரு கோலின் மேல் முழங்கை மட்டும் பட அந்தரத்தில் படுக்கவைத்தார். இதில் நமக்கு ஒரு பெருமை உண்டு. அதற்குப் பதினைந்து வருஷத்துக்கும் முன்பே சென்னையில் ஒருவர், ஒரு கோலைக் கையால் தொட்டுக்கொண்டு அந்தரத்தில் உட்கார்ந்து காட்டியிருக்கிறார். வெள்ளைக்காரர்கள் அவர் பெயரைச் சேஷால் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். பாரிஸுக்கு முன்னால் மெட்ராஸ்!

பெருமையைச் சொன்னால் சங்கடத்தையும் சொல்ல வேண்டும். 1856-ல் பிரெஞ்சு அரசாங்கம் ரொபேர்-ஊதேனை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே மரபூக்கள் என்ற மதத் தலைவர்கள் அற்புதங்கள் காட்டி, பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக மக்களைத் திரட்டுகிறார்கள், அதைவிடப் பெரிய அற்புதம் காட்டி அவர்களை அடக்க வேண்டும் என்பது திட்டம். அல்ஜியே நகர அரங்கில் ஒரு சின்னப் பெட்டியை வைத்தார். பலசாலி ஒருவர் முதலில் சுலபமாகத் தூக்கினார். உன் பலத்தை எடுத்துவிட்டேன் என்று சொன்ன பிறகு அசைக்கக்கூட முடியவில்லை. கீழே மின்காந்தம். போதாததற்குக் கைப்பிடியில் மின்சார அதிர்ச்சியும் கொடுத்து அலறவைத்தார்.

பள்ளியில் படித்தபோது இந்த இடத்தில் நான் கைதட்டினேன். பிரெஞ்சு வகுப்பில் உட்கார்ந்து, கோல் இனத்தவர்தான் நம் முன்னோர் என்று ஒப்பித்தவன்தானே நான்! பல வருஷம் கழித்து மறுபடி படித்தபோதுதான் உறைத்தது. அந்த மேடையில் ரொபேர்-ஊதேன் நின்ற இடம் என்னுடையது அல்ல. பெட்டியைத் தூக்க முடியாமல் அவமானப்பட்டவர் நின்றாரே, அதுதான் என் தாத்தாக்கள் நின்ற இடம். தொப்பிக்காரர் அன்று இவருடைய மானத்தைக் காப்பாற்றினார். அல்ஜீரியாக்காரருடைய மானத்தை இவர் காப்பாற்றவில்லை. ஒருவரிடம் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம், அதற்காக அவர் செய்த எல்லாவற்றுக்கும் கைதட்ட வேண்டும் என்றில்லை.

அவர் 1871 ஜூன் 13-ல் ப்ளுவாவுக்குப் பக்கத்தில் காலமானார். அதற்கு முந்தின வருஷம்தான் ஒரு மகனைப் போரில் பறிகொடுத்திருந்தார். அவர் பெயரிலேயே நடந்துவந்த அரங்கத்தை 1888-ல் ழோர்ழ் மெலியேஸ் வாங்கினார். சினிமாவில் தந்திரக் காட்சிகளின் தந்தை என்கிறோமே, அவரேதான். அமெரிக்காவில் எரிக் வைஸ் என்ற பையன் ரொபேர்-ஊதேன் புத்தகத்தில் மயங்கி, ஊதேன் பெயரின் கடைசியில் ஒரு 'இ' சேர்த்து ஹூதினி என்று வைத்துக்கொண்டான். அதே ஹூதினி 1908-ல் குருவைத் தாக்கி ஒரு புத்தகமே எழுதினார் என்பது வேறு கதை. ப்ளுவாவில் இன்று மேஜிக்குக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

இப்போது என்னிடம் வருகிறேன். விழா முடிந்த மறுநாள், என் நெருங்கிய நண்பன் ஒருவனிடம் மட்டும் ஓட்டை விழுந்த உண்மையைச் சொன்னேன். "இனிமே செய்யப்போறதில்லடா" என்றேன். அவன், "நல்லதாப் போச்சு. உனக்கு எதுக்குடா இதெல்லாம்? ஒழுங்கா படிச்சு ஒரு வேலைக்குப் போற வழியைப் பாரு" என்றான். பாரிஸ் நண்பர் சொன்ன அதே வார்த்தைதான். ரொபேர்-ஊதேனுக்குக் கோபம் வந்தது. எனக்கு நிம்மதி வந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

படித்தேன், வேலைக்குப் போனேன், குடும்பம் ஆயிற்று, ஓய்வும் பெற்றேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அம்மாவிடம் காசு வாங்கி ஒரு புதுக் கைக்குட்டை வாங்கி, முசியேயின் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது நடுவில் வைத்துக் கொடுத்தேன். அவர் பேசாமல் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, "அடுத்த வருஷம் என்ன செய்யப்போகிறாய்?" என்று மட்டும் பிரெஞ்சில் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அடுத்த வருஷம் நான் மேடை ஏறவில்லை. அவர் மறுபடி கேட்கவும் இல்லை. எரிந்த கைக்குட்டையைவிட, பதில் சொல்லாத அந்தக் கேள்விதான் அறுபது வருஷமாக என்னிடம் இருக்கிறது.

அதனால் தூங்காத அந்த இரவின் மறுநாள் காலையில், காப்பி குடித்துவிட்டு ஒரு காரியம் செய்தேன். பேத்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். ஆறுதல் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள். "நேத்து ராத்திரி யோசிச்சுப் பார்த்தேம்மா. நீ சொன்னதுதான் சரி. உனக்கு இந்த மேஜிக்கெல்லாம் ஒத்து வராது, விட்டுடு" என்றேன்.

சொன்னதும் எனக்கே நெஞ்சு அடித்துக்கொண்டது. இவள் ரொபேர்-ஊதேனா, நானா? நிம்மதியாகத் தலையாட்டிவிட்டால் என்ன செய்வேன்? என் மகள் சமையலறையிலிருந்து என்னை முறைத்துப் பார்த்தாள்.

பேத்தி ஒன்றும் பேசாமல் எழுந்து போனாள். அன்று பூராவும் என்னிடம் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், மணக்குள விநாயகர் கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், கூடத்தில் நாற்காலி போட்டு ஏறியிருக்கிறாள். அலமாரி உச்சியில் இருந்த டப்பா கையில்.

"யார் சொன்னது எனக்கு வராதுன்னு? உக்காருங்க தாத்தா" என்றாள். அதட்டல்தான்.

உட்கார்ந்தேன். கட்டைக் குலுக்கினாள். கடகடவென்று பேச ஆரம்பித்தாள்.

"மெதுவா பேசும்மா" என்றேன். "அவசரமே இல்ல. நான் எங்கேயும் போகல."